மாலை போட்டு ஆடிய மார்கழி

டக், டக், டக்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, சார். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். ஓடுகிறவனின் பனியனுக்குள் துளசிமணி மாலை குதித்துக் குதித்து நெஞ்செலும்பில் மோதுகிற சத்தம். நாற்பது வருடம் ஆகப்போகிறது. நீங்கள் அந்தப் புகைப்படத்தை நீட்டியதும் எனக்கு முதலில் கேட்டது அதுதான். முகம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆமாம், என் தம்பிதான். குபேந்திரன். செம்பருந்து கபடிக் குழுவின் பொன்விழா மலருக்கு இந்தப் படத்தைப் போடப்போகிறீர்கள், அடியில் ‘விரதமே வலிமை’ என்று எழுதப்போகிறீர்கள் என்றீர்கள். நல்ல வரிதான். அந்தக் காலத்தில் நான் சொல்லித் திரிந்த வரியும் அதுதான். ஆனால் வேண்டாம், சார். படத்தையே போட வேண்டாம். ஊரில் இப்போது இருப்பவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியைச் சொன்னால் நீங்களே எடுத்துப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். எங்கள் குடும்பத்துக்கு அது வெட்கம். இன்றைக்கும் வெட்கம்தான்.

அந்த நாற்காலி ஆடும். இதில் உட்காருங்கள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான் வடகரைப்பட்டி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். குபேந்திரன் எனக்கு ரொம்பச் சின்னவன். அவனை வளர்த்தது நான். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவன் காரணம் இல்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறினான். புத்தகத்தில் உட்காராத புத்தியெல்லாம் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. கபடியில் பாடிப் போகிறவன் அவன்தான். மூச்சு விடாமல் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதில் கெட்டிக்காரன். ஆனால் பிடிபடாதவன் இல்லை. நாலு தடவை போனால் ஒரு தடவை மடக்கிப் போட்டுவிடுவார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வெளியே வருவான். பிடித்தவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவான்.

அந்த வருடம் மதுரைப் பக்கம் ஒரு மில்லில் கபடி அணிக்கு ஒரே ஓர் ஆளை எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எடுத்தால் மில்லிலேயே நிரந்தர வேலை. மார்கழியில் கம்பத்தில் நடக்கிற போட்டியைப் பார்க்க அந்த அணியின் பயிற்சியாளரே வருகிறார் என்றார்கள். படிப்பில்லாத பையன், சார். இதை விட்டால் அவனுக்கு மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலிதான். ஜீப்பில் அடைத்துக்கொண்டு போவார்களே, அதுதான்.

மாலை போடச் சொன்னது நான்.

அவன் தயங்கினான். “வேலை கிடைக்கட்டும்க்கா, அடுத்த வருஷம் போடுறேன். ஆட்டக்காரன் வயித்தைக் காயப்போட்டா கால் சொன்னபடி கேக்காது” என்றான். நான் விடவில்லை. கிடைத்த பிறகு போடுவது வியாபாரம், கிடைக்கும் முன்னால் போடுவதுதான் பக்தி என்றேன். வகுப்பில் பேசிப் பேசி எனக்கு இப்படி வாக்கியங்கள் வந்துவிடும். அவன் தலையாட்டினான்.

கார்த்திகை முதல் தேதி பெத்தணக் குருசாமி அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். முதல் தடவை சபரிமலைக்குப் போகிறவன், கன்னிசாமி. கன்னிசாமிக்குத் தனி மரியாதை. வயதில் பெரியவர்கள்கூட எதிரில் வந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நானே அவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவனுக்குத்தான் மறந்து மறந்து ‘அக்கா’ என்று வரும்.

எங்கள் குருசாமி தாராளமான மனிதர். மதியம் சோறு, ராத்திரி ஏதாவது பலகாரம், உழைக்கிற உடம்புதானே என்று சொல்லிவிட்டார். மற்ற சாமிகள் ராத்திரி நாலைந்து இட்லி சாப்பிடுவார்கள். என் வீட்டில் அது கிடையாது. இட்லியும் அரிசிதானே, சார்? மதியம் ஒரு வேளை. ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். முட்டை, கறி, மீன் எல்லாம் போயிற்று. விடியும் முன் கிணற்றுத் தண்ணீரில் குளியல், வெறும் தரையில் படுக்கை. சாயங்காலம் பழகிவிட்டு வந்து உட்கார்ந்து அந்த வாழைப்பழத்தைப் பார்ப்பான். இன்னொன்று கேட்க மாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான். கறுப்பு அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் போனபோது நான்தான் நாடா கோத்துக் கொடுத்தேன். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, முகத்தில் ஓர் ஒளி வந்திருந்தது. சாமி களை என்று தெருவில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையால் முதலில் ஒரு சிக்கல் வந்தது. கழுத்திலோ கையிலோ எதையும் போட்டுக்கொண்டு கபடி ஆடக் கூடாது, அது விதி. சின்னமனூர் ஆட்டத்தில் நடுவர் மாலையைக் கழற்றச் சொன்னார். ரத்த உறவில் சாவு விழுந்தால் ஒழிய நடுவில் மாலையைக் கழற்றக் கூடாது, கழற்றினால் அந்தப் பாவத்தை நடுவர் ஏற்றுக்கொள்வாரா என்று குருசாமி கேட்டார். நடுவருக்கு வேர்த்துவிட்டது. பனியனுக்குள் தள்ளி மேலே துணியால் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். எதிரணியும் சரி என்றது. நான் புது மல் துணியில் ஒரு பட்டை கிழித்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். டக், டக்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஆள் இல்லை, சார்.

சின்னமனூரில் இல்லை. தேவாரத்தில் இல்லை. போடியில் இல்லை. முன்பெல்லாம் எதிரணியில் “ஏய் ஒட்டடைக்குச்சி, வாடா, ஒடிச்சு அடுப்புல வைக்கிறோம்” என்று கூப்பிடுவார்கள். இப்போது அவன் நடுக்கோட்டைத் தாண்டும்போதே “வாங்க சாமி” என்றார்கள். பிடிக்க வருகிற கை பாதி வழியில் நின்றுவிடும். நானே கண்ணால் பார்த்தேன். கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் விரல் விரியும், அப்படியே மடங்கிக்கொள்ளும். யாரோ தடுத்த மாதிரி. உங்கள் படத்தின் ஓரத்திலேயே ஒரு கை இருக்கிறது, பாருங்கள். மடங்கியிருக்கிறதா? தேவாரத்து ஆள் ஒருவன் தோளில் குபேந்திரனின் கால் பட்டுவிட்டது. அவன் ஆட்டம் இழந்தான். என்ன செய்தான் தெரியுமா? கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விரதத்தின் சக்தியை இதைவிட எப்படிக் காட்டுவது?

போடியில் தோற்றவர்களில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, “அடுத்த வருஷம் நம்ம ஏழு பேருக்கும் மாலையப் போட்டுற வேண்டியதுதான்டா” என்றான். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோற்றவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் குபேந்திரன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நடக்க முடியவில்லை என்றான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா, நான் வேகமாவா ஓடுறேன்?”

“மின்னல் மாதிரி ஓடுற சாமி.”

“இல்லக்கா. கால் எந்திரிக்க மாட்டேங்குது. பாட்டுப் பாதியிலேயே மூச்சு முட்டுது. இன்னைக்கு ரெண்டு மூணு தடவை, சரி, மாட்டிக்கிட்டோம்னே நினைச்சேன். ஒருத்தனும் பிடிக்க மாட்டேங்கிறான்.”

“நீ உன் கால்ல ஓடல. அவர் கால்ல ஓடுற” என்றேன்.

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் நாலு பேரிடம் சொன்னேன். அது ஊரெல்லாம் பரவியது.

கம்பத்தில் இறுதி ஆட்டம் உத்தமபாளையம் அணியோடு. எதிர்ப்பக்கம் மில் பயிற்சியாளர் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். பெண்களுக்குக் கயிறு கட்டி விட்டிருந்த இடம் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே. நான் முன்வரிசை. உத்தமபாளையத்தில் செல்வகணபதி என்று ஒருவன், ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவன், பிடித்தால் விடாதவன் என்று பேர் வாங்கியவன். அவனும் அந்த வருடம் மாலை போட்டிருந்தான். கன்னிசாமி இல்லை, பழைய சாமி. அவனுக்கும் பனியனுக்கு மேல் துணிக்கட்டு.

முதல் பாதியில் எங்கள் பக்கம் புள்ளி ஏறிக்கொண்டே போயிற்று. குபேந்திரன் போவான், தொடுவான், வருவான். கணபதி ஆட்டம் இழந்து வெளியே உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். பாதி ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் அவன் திரும்ப உள்ளே வந்தான். குபேந்திரன் பாடிப் போனான். யாரையோ தொட்டுவிட்டுத் திரும்பினான். அப்போது கணபதி குனிந்தான். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்தான்.

மடங்காத கை, சார். மாலை போட்டவன் கை.

குபேந்திரன் முகம் மண்ணில் பட விழுந்தான். நடுக்கோடு ஒரு முழம் தூரத்தில் இருந்தது, எட்டவில்லை. விசில் ஊதியதும் கணபதி பிடியை விட்டு, அதே காலைத் தொட்டுக் கும்பிட்டு, “மன்னிச்சிருங்க சாமி” என்றான். குபேந்திரன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“நீங்க எப்படிப் பிடிச்சீங்க?”

“நானும் மாலை போட்டவன். எனக்குத் தோஷம் இல்ல.”

“அப்ப மத்தவங்க?”

கணபதி அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கும்பிடுற காலைப் பிடிச்சு இழுக்க எவனுக்கு சாமி மனசு வரும்? எல்லா ஊர்லயும் விட்டுத்தான குடுக்கிறாய்ங்க. உங்களுக்குத் தெரியாதா?”

இடைவேளை விட்டார்கள். குபேந்திரன் குருசாமியிடம் போகவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் எதிரில் வந்து மண்டியிட்டுத் தலையைக் குனிந்தான். மலைக்குப் போய்த் திரும்பியவனுக்குத் தாய்தான் மாலையைக் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் தாய் என்றால் நான்தான்.

“கழட்டிவிடுக்கா.”

“என்ன பேச்சு இது சாமி.”

“சாமின்னு கூப்பிடாத. இத்தனை நாளும் நான் ஆடலக்கா. சும்மா போயிட்டுப் போயிட்டு வந்திருக்கேன்.”

மெதுவாகத்தான் சொன்னேன். அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார், யார் விட்டால் என்ன, புள்ளி புள்ளிதான், அவர்களை விட வைத்தது யார் என்று யோசித்துப் பார் என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்படி அவன் பார்த்ததே இல்லை. பிறகு துணிக்கட்டை அவிழ்த்தான். மாலையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலைவழியாகக் கழற்றி என் மடியில் வைத்தான். அறுத்து எறிந்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அறுக்கவில்லை. ஆனால் அறுத்தால் என்ன, கழற்றினால் என்ன? குருசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மடியில் அந்த மாலை வேர்வை ஈரத்தோடு கிடந்தது. தலையைத் தூக்க முடியவில்லை எனக்கு. அந்தக் கயிற்றுக்குள்ளேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

அவன் நேரே எதிரணி நின்ற பக்கம் போனான். “இப்ப நான் சாமி இல்ல. குபேந்திரன். பிடிங்கடா” என்றான்.

பிடித்தார்கள். இரண்டாம் பாதியில் அவன் பாடிப் போன தடவையெல்லாம் பிடித்தார்கள். எழுந்து ஓடினால் மூச்சு இல்லை, மூச்சு இருந்தால் கால் இல்லை. அத்தனை நாள் அரை வயிற்றோடு கிடந்த உடம்பு வேறு என்ன செய்யும்? இல்லை, நான் சொல்வது தப்பு. மாலை இறங்கியதும் சக்தி இறங்கிவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை விழும்போதும் யாராவது ஒருவன், “எந்திரிடா ஒட்டடைக்குச்சி” என்பான். குபேந்திரன் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம், தெய்வக் குற்றம் நடந்திருக்கிறது, வாயில் மண்ணோடு அவன் சிரிக்கிறான். பிடித்தவன் முதுகில் தட்டுகிறான்.

கடைசியாக ஒரே ஒரு தடவை. நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஒருவன் காலில், ஒருவன் இடுப்பில். கபடி கபடி என்று முனகல் மட்டும் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்து, கையை நீட்டி, நடுக்கோட்டில் ஒரு விரலை வைத்துவிட்டான். விசில் ஊதினார்கள். எதிரணிக்காரர்களே கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. மடியில் மாலை இருந்ததே.

தோற்றோம்.

கூட்டம் கலையும்போது மில் பயிற்சியாளர் என்னைத் தேடி வந்தார். மரியாதையான மனிதர். “அவன் அக்காவா டீச்சர்?” என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்: “இந்த வருஷம் கணபதியத்தான் எடுக்கிறேன். முதல் பாதியை நான் கணக்குலயே சேக்கல. கடைசியில நாலு பேரை இழுத்துக்கிட்டு வந்தானே, அதுவும் இந்த உடம்பை வச்சுக்கிட்டு, அதுதான் ஆட்டம். நல்லா சாப்பாடு போட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. அவனுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்.”

சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அவன் பின்வாசலில் வந்து நின்று, “அக்கா, சோறு போடு” என்றான். சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள் அவனை எப்படி விடுவது? துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இலையைப் போட்டேன். மதியத்துச் சோறும் ரசமும்தான் இருந்தது. முட்டை இருக்கிறதா என்று கேட்டான். அந்த வீட்டில் வந்து கேட்கிறான். இல்லை என்றேன். இருக்கிற சோறு முழுக்கச் சாப்பிட்டான். பானையை வழித்துப் போட்டேன், அதையும் சாப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. இப்போது உங்களிடம் சொல்லும்போதும் சுடுகிறது, சார்.

மில்காரர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? அன்றைக்கே சொன்னால், செய்த காரியத்துக்கு நானே பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கொஞ்சம் உறைக்கட்டும், பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அதுவரை அவனோடு பேசவில்லை. அவன் பேசினான், பேசிப் பார்த்தான். அப்புறம் ஒருநாள் காலையில் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே போய்விட்டான். ஜீப்பில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த மார்கழியில் மில்லிலிருந்து ஆள் வந்தது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது என்றேன். எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாலையைக் கழற்றி வைத்தவனை, மாலை போட்டு வேண்டிக்கொண்ட வேலைக்கு அனுப்பலாமா? அது நியாயம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்கள்? காபி ஆறுகிறது. குடியுங்கள்.

மாலையைக் குருசாமி சொன்னபடி ஆற்றில் விட்டுவிட்டேன். சத்தம்தான் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் செல்வகணபதி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மில்லில் கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றவர். வருடம் தவறாமல் மலைக்குப் போகிறவர். குமுளி தாண்டி, சாமிகள் போகிற பாதையில் குபேந்திரன் இட்லிக் கடை வைத்திருந்தானாம். கணபதி குழு எப்போதும் அங்கேதான் இறங்குமாம். பழமும் பாலும் போதும் என்கிற கன்னிசாமிகளை அவன் எழுந்திருக்க விட மாட்டானாம். “மலை ஏறப்போற கால் சாமி” என்று சொல்லிக் கேட்காமலே இலையில் இட்லியை வைப்பானாம். காசு வாங்க மாட்டானாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

போன கார்த்திகையில், கணபதி குழு அங்கே தங்கியிருந்தபோது, கடையிலேயே இறந்துபோனான். எனக்குத் தகவல் வந்தது எரித்த பிறகுதான். தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, செல்வகணபதிதான் கொள்ளி வைத்தார்.